கவுண்டரின் இந்தப் பக்கம்

பிப்ரவரி 17, திங்கள்

மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. ஒன்றரை மாதமாக பீரோவுக்கு மேலே கிடந்ததை இன்றைக்குத்தான் எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு விளம்பரம். இன்றைய பக்கத்தில் வாயு மாத்திரை, நாளைய பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கான கால்சியம். மேலே என் பாடு, கீழே அவர்கள் வியாபாரம்.

பெயர் முனீஸ்வரி. முதல் பக்கத்தில் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். வயது முப்பத்து மூன்று. தொழில், அருப்புக்கோட்டையில் ஞானதுரை அண்ணாச்சி மருந்துக்கடையில் கவுண்டர். டி.பார்ம் படித்தவள் என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் டாக்டர். ரத்த வகை ஓ பாசிட்டிவ். அடுத்து 'குழந்தைகள்' என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி வந்துவிட்டேன்.

சிவராத்திரி நெருங்குகிறது. ஊரே குலசாமி கும்பிடக் கிளம்பும் நேரம். இந்த வாரம் கடையில் இருமல் மருந்தைவிட அதிகமாக ஓடுவது தேதி தள்ளிப்போடும் மாத்திரைதான். சாமி கும்பிடுகிற நாளில் தூரம் வந்துவிடக் கூடாது என்ற பயம். டாக்டர் சீட்டு யாரும் கொண்டுவருவதில்லை. அண்ணாச்சியும் கேட்பதில்லை. நான் மட்டும் எல்லோரிடமும் ஒரு கேள்வியைக் கேட்பேன்.

"கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்காம்மா?"

சிலர் வெட்கப்படுவார்கள், சிலர் சிரிப்பார்கள். இன்றைக்கு ஒரு அம்மா எரிந்து விழுந்தார். "மாத்திரை கேட்டா மாத்திரையக் குடு தாயி. எனக்கு அது இருந்தா ஒனக்கென்ன, இல்லாட்டி ஒனக்கென்ன? ஒனக்கு எத்தனை பிள்ளைங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் மூன்று பதில்கள் உண்டு. அவசரக்காரர்களுக்கு 'இல்ல' என்பேன். நின்று பேசுகிறவர்களுக்கு 'சாமி குடுக்கும்போது குடுக்கட்டும்'. யோசனை சொல்ல ஆரம்பிக்கிறவர்களுக்கு 'சில்லறை இருக்காக்கா?'. இவருக்கு முதல் பதில் போதுமாக இருந்தது. பில் போட்டுக்கொண்டிருந்த மெகர் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பது மாதிரியே எப்போதும் நடந்துகொள்வாள், பாவி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை, அத்தை கேட்டார்.

"முனீசு, ஒனக்கு எப்ப தேதி?"

"சிவராத்திரிக்கு முந்தின நாள் அத்தை."

"அப்ப மாத்திரையப் போட்ரு. இந்தத் தடவை தொட்டில் கட்டுறதா வேண்டியிருக்கேன். நீதான் கட்டணும், ஓங் கையால."

சரி என்றேன். கடையே என் கையில் இருக்கும்போது மாத்திரைக்கு என்ன பஞ்சம்.

பிப்ரவரி 22, சனி

காலையில் முதல் மாத்திரை. இனி ஒரு நாளைக்கு மூன்று.

அட்டையைப் பிரிக்கும்போது ஒன்று தோன்றியது. எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடம் கேட்க ஆளில்லை. கவுண்டரின் அந்தப் பக்கம் நின்றால் நான் கேட்பேன். இந்தப் பக்கம் நின்றால் யார் கேட்பது? கேட்டிருந்தாலும் சிரித்திருப்பேன். ஆறு வருடமாக வராதது இந்த மாதம்தான் வரப்போகிறதா?

கர்ப்பம் பார்க்கிற கிட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை போட்டிருக்கலாம். கிட் இருக்கிற தட்டு என் தலைக்கு நேரே இருக்கிறது. ஆனால் போன தீபாவளிக்கு முந்தின மாதத்தோடு கிட்டைத் தொடுவதில்லை என்று முடிவு. அன்றைக்கு என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றார். நான் வெளியே வந்து இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் தேய்த்துக்கொண்டே போனார். வாய் கொப்பளிக்கக்கூட இல்லை, அப்படியே கொல்லையில் நின்றார். அந்த முதுகை இன்னொரு தரம் என்னால் பார்க்க முடியாது. அவரிடமும் சொல்லிவிட்டேன், இனி இந்த வீட்டுக்குள் அந்த டப்பா வரக் கூடாது என்று.

பிப்ரவரி 27, வியாழன்

கோயிலிலிருந்து மதியம் திரும்பினோம். வேனில் பதினெட்டுப் பேர் போகவேண்டிய இடத்தில் பங்காளிகள் எல்லாம் சேர்ந்து முப்பது பேர். உடம்பெல்லாம் விறகுப் புகை.

பொங்கல் வைத்து முடித்ததும் தொட்டில் கட்டினோம். அத்தையின் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்து, வேப்பமரக் கிளையில் நான்தான் முடிச்சுப் போட்டேன். உள்ளே மரப்பாச்சியை வைத்து அத்தை மூன்று தரம் ஆட்டிவிட்டார். ஆட்டும்போதே அழுதுவிட்டார். என்னைப் பற்றி ஆயிரம் புகார் வைத்திருக்கிற மனுஷி, சாமியிடம் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. "எம் மருமகளுக்கு ஒண்ணக் கண்ணுல காட்டு" என்று மட்டும் சொன்னார்.

அவர் வேன் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காலேஜ் பஸ் ஓட்டுகிறவர், வேனைக் கண்டாலும் டிரைவர் பக்கம்தான் நிற்பார். அழகர்சாமி என்று பெயரே ஒழிய எந்தச் சாமியிடமும் வாய்விட்டுக் கேட்டுப் பார்த்ததில்லை.

கிடா வெட்டியபோது வாடை தாங்காமல் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். தூக்கம் கெட்டது, வெறும் வயிறு, அதோடு மாத்திரை. இந்த மாத்திரைக்கு அந்தக் குணம் உண்டு. காலையோடு நிறுத்திவிட்டேன். இரண்டு மூன்று நாளில் வந்துவிடும்.

மார்ச் 2, ஞாயிறு

வரவில்லை. ஒரு வாரம் வரை ஆகலாம்.

மார்ச் 3, திங்கள்

மில்லில் வேலை பார்க்கும் பிள்ளை ஒன்று கடைக்கு வந்தது. கூட்டம் குறைகிற வரைக்கும் ஷாம்பு பாக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றது. இப்படி நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். மெகரை உள்ளே அனுப்பிவிட்டு, "என்னம்மா, கிட்டா?" என்றேன். அதற்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கல்யாணம் ஆகிவிட்டதா என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. கிட்டுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

"ஒரே ஒரு தடவைதான்க்கா."

"ஒரு தடவை போதும்மா."

"அவரு ஜாக்கிரதையாத்தான் இருந்தாரு."

"அதுக்குப் பேரு ஜாக்கிரதை இல்ல, நம்பிக்கை. தேதி எத்தனை நாள் தள்ளிருக்கு?"

"நாலு நாளுக்கா."

பிறகு நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். காலையில் எழுந்ததும் முதல் மூத்திரத்தில் பார். ரெண்டு கோடு வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போ, எங்கே தங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். ஒரு கோடு வந்தால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி பார். அப்போதும் ஒரு கோடுதான், ஆனால் தேதி வரவில்லை என்றாலும் டாக்டரிடம் போ, கர்ப்பம் இல்லாமலே தள்ளிப்போக நூறு காரணம் இருக்கிறது. அதற்கு நடுவில் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தாலோ, தலை சுற்றினாலோ, வழக்கமில்லாத மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டாலோ, கிட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அன்றைக்கே ஓடு.

"எல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி அப்படியே திருப்பிச் சொன்னது. கெட்டிக்காரப் பிள்ளை.

மார்ச் 5, புதன்

வந்துவிட்டது. அவரிடம் சொன்னேன். "சரி" என்றார்.

மார்ச் 6, வியாழன்

வந்தது என்று எழுதிவிட்டேன். வந்த மாதிரி இல்லை. பழுப்பாகக் கொஞ்சம் பட்டது, அவ்வளவுதான். பஞ்சுகூடத் தேவைப்படவில்லை. மாத்திரை போட்டால் ஒரு மாதம் இப்படி ஏறுக்குமாறாகத்தான் இருக்கும். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

இல்லை, கடையில் யாராவது வந்து கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டேன். சரி, போகட்டும். தலைக்கு ஊற்றிக்கொண்டாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன், இட்லிக்கு ஆட்டினேன், பரணில் எலி செத்துக் கிடந்ததை அவர் எடுத்துப் போட்டார். அத்தை காபி போட்டுக் கொடுத்தார். ஒரு வாய்க்கு மேல் போகவில்லை. வாசலில் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டேன். அவர் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காபியைக் கொட்டுகிற ஆள் இல்லை நான், அது அவருக்குத் தெரியும். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பேன்? பால் சரியில்லை என்று சொல்லியிருப்பேன்.

மார்பு வலிக்கிறது. அதுவும் மாத்திரைதான்.

மார்ச் 12, புதன்

மில்லுப் பிள்ளை வந்தது. பார்த்ததில் ஒரு கோடு. ஒரு வாரம் கழித்தும் ஒரு கோடு. நான் சொன்னபடி நேற்று டாக்டரிடம் போயிருக்கிறது. ரத்தம் கம்மி, தைராய்டு இருக்கலாம் என்று டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரும்புச் சத்து மாத்திரை வாங்க வந்திருந்தது.

"நீங்க சொல்லாட்டி நான் பாட்டுக்குப் பயந்துக்கிட்டே கெடந்திருப்பேங்க்கா" என்றது. பையிலிருந்து ஒரு பொட்டலம் காராச்சேவு எடுத்துக் கொடுத்தது. மெகரும் நானும் தின்றோம். எனக்கு அது மட்டும் இறங்கியது.

மார்ச் 16, ஞாயிறு

சித்ராவுக்கு இன்றைக்கு வளைகாப்பு. சித்ரா அவருடைய தங்கை, ஏழு மாதம். காலையிலிருந்து ஐந்து வகைச் சாதத்துக்கும் நான்தான் நின்றேன். புளி கரைக்கும்போது இடது பக்கம் அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது. குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்று சரிபண்ணிக்கொண்டேன். கைப்பையில் எப்போதும் வலி மாத்திரை இருக்கும். மருந்துக்கடைக்காரியிடம் அதுகூட இல்லாமலா?

பிள்ளை இல்லாதவளைச் சூலியின் பக்கத்து மணையில் உட்கார வைத்து வளையல் போட்டால் அடுத்தது அவளுக்கு என்பது இங்கே வழக்கம். ஆறு வருடத்தில் எத்தனை மணை, எத்தனை வளையல். பெட்டி நிறையக் கண்ணாடி வளையல் வைத்திருக்கிறேன், ஃபேன்சி ஸ்டோரே வைக்கலாம். சித்ராவின் மாமியார் வகையில் ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து வளையலை ஏற்றிக்கொண்டே கேட்டார்.

"என்னத்தா, விசேஷம் எதுவும் உண்டா?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா."

"டாக்டர்ட்டப் போனீங்களா?"

"நானே மருந்துக்கடைலதான் இருக்கேன் பெரியம்மா."

பதில் மாதிரியும் இருந்தது, பதில் இல்லாமலும் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சித்ரா என் காதருகே, "மயினி, மொகமெல்லாம் வெளுத்திருக்கு. உள்ள போய்ப் படுங்க" என்றாள். எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மஞ்சள் தண்ணீர் கலக்கிற சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

இதை எழுதும்போது ஒன்றும் வலிக்கவில்லை. இரண்டு மாத்திரை போட்டிருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

வலி வருகிறது, போகிறது. இடது பக்கமே. வாயு மாத்திரை, அமில மருந்து, வயிற்றுப் பிடிப்புக்கு ஒன்று. தட்டு தட்டாக எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சம்பளத்தில் பிடிக்கச் சொன்னால் அண்ணாச்சி திட்டுவார். மறுபடி பழுப்பாகப் பட்டது.

மெகர் விடாமல் கேட்டாள். "ஒனக்குத் தேதி எப்ப முனீசு?"

"வந்து போயிருச்சு."

"நல்லா வந்துச்சா?"

"வந்துச்சுன்னு சொல்றேன்ல."

"ஒரு கிட்டு எடுத்துப் பாத்துரு. என் பேர்ல பில் போட்டுக்கறேன், அண்ணாச்சிக்குத் தெரியாது."

கோபம் வந்துவிட்டது. நீ மூணு பெத்தவ, ஒனக்கு எல்லாமே அதுவாத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. நாளைக்குச் சமாதானம் சொல்ல வேண்டும்.

எனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். ஒரு கோடு வந்துவிடுமோ என்ற பயம்தான். பார்க்காமல் இருக்கிற வரைக்கும் இரண்டாவது கோடு எங்கேயோ ஓரமாக இருக்கத்தான் செய்கிறது.

மார்ச் 19, புதன்

வயிறு இரண்டு தரம் போனது. இடது தோள்பட்டையில் குடைச்சல். நேற்று குளுக்கோஸ் பெட்டி தூக்கியதால் இருக்கும். மதியம் வரை பார்த்துவிட்டு, முடியாவிட்டால் லீவு சொல்லலாம்.

மார்ச் 26, புதன்

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. உட்கார்ந்து எழுத முடிகிறது, சிரிக்கத்தான் முடியவில்லை, தையல் இழுக்கிறது. சிரிப்பதற்கும் ஒன்றுமில்லை.

போன புதன்கிழமை பதினோரு மணி போல இன்சுலின் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு தரை. மெகரின் முகம். வயிறு கல் மாதிரி இருந்தது. "கேஸ் மாத்திரை எடு" என்றேன் அவளிடம். அந்த நேரத்திலும் நான் அதைத்தான் கேட்டிருக்கிறேன்.

மெகர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினாள். "அந்த மில்லுப் பிள்ளைகிட்ட நீ என்ன சொன்ன? சொல்லு. ஒரு பக்கமா வலிச்சா என்ன செய்யச் சொன்ன?"

நான் சொன்னேன். "அன்னைக்கே ஓடு."

"அப்ப எந்திரிடி."

எழ முடியவில்லை. அண்ணாச்சியும் அவளும் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். முந்தின நாள் அவளைச் சொன்ன சொல்லுக்கு இன்னும் சமாதானம் சொல்லவில்லை. ஆட்டோவில் சொல்லப் பார்த்தேன். "பேசாதடி" என்றாள்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துன?" நான் மார்ச் ஐந்து என்றேன். "நல்லா வந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். அடுத்தது, "கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா?"

நான் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன் அந்தக் கேள்வியை. என்னை ஒருத்தர் கேட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

கிட்டில் இரண்டு கோடு. நர்ஸ் தூக்கிக் காட்டினாள். சந்தோஷமான செய்தியைக் காட்டுகிற பழக்கத்தில் காட்டிவிட்டாள் போல, உடனே கையை இறக்கிக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன். ஆறு வருடமாகப் பார்க்க ஆசைப்பட்டது. நல்ல தடிமனாக, சிவப்பாக, சந்தேகமே இல்லாத இரண்டு கோடு.

கர்ப்பப்பையில் இல்லை. இடது குழாயில் தங்கி, வளர்ந்து, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்திருந்தது. தோள்பட்டை வலிகூட அந்த ரத்தத்தினால்தானாம். ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோய் அன்றைக்கே ஆபரேஷன். நான்கு பாட்டில் ரத்தம். அதில் ஒன்று அண்ணாச்சியுடையது. கஞ்சன் என்று இனி அவரைச் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் டாக்டர் விவரமாகப் பேசினார். தேதி தள்ளிப்போடும் மாத்திரையால் இது வரவில்லை. ஆனால் தேதி தள்ளிப்போனதற்கு அதைக் காரணம் காட்டிக்கொண்டு இருந்தது தப்பு. குழாயில் தங்கியது எப்படியும் பிழைத்திருக்காது, அதற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் ஒருவேளை ஊசியிலேயே சரிபண்ணியிருக்கலாம், குழாயை எடுத்திருக்க வேண்டாம். இப்படிச் சொல்லிக்கொண்டே போனார். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். எனக்குத் தெரியாத ஒரு வார்த்தை அதில் இல்லை.

"மறுபடியும் வாய்ப்பு இருக்கா டாக்டர்?" இதைக் கேட்டது அவர். ஆறு வருடத்தில் ஒரு டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இருக்கு. இன்னொரு குழாய் நல்லா இருக்கு. ஆனா அடுத்த தடவை தேதி தள்ளின உடனே வந்துரணும். ரத்தம் பாத்து, எங்க தங்கியிருக்குன்னு சீக்கிரமே ஸ்கேன் பாக்கணும். காத்திருக்கவே கூடாது."

டாக்டர் போனபின் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டிரிப்ஸ் இறங்குவதையே பார்த்தார்.

"எனக்குத் தெரியும் முனீசு."

"என்ன தெரியும்?"

"நீ காபியக் கொட்டுனல்ல. மறுநாள் விருதுநகர் டிரிப்பு. அங்க ஒரு கடைல வாங்கிட்டேன்."

"என்னத்த?"

"அந்த டப்பாவ. வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லிருந்தியா, வண்டிலயே வச்சிருந்தேன். குடுக்கலாம் குடுக்கலாம்னு தெனமும் பாப்பேன். நீ தலைக்கு வேற ஊத்திருந்த. கேட்டு, இல்லன்னு ஆயிருச்சுன்னா நீ ஒடஞ்சு போவ."

அவர் முதுகைப் பார்க்க நேரக் கூடாதே என்று நான் சொல்லவில்லை. நான் உடைந்துபோகக் கூடாதே என்று அவர் கேட்கவில்லை. இத்தனை நாள் ஒரே பாயில்தான் படுத்திருந்தோம்.

அழுதேன். தையல் பிடுங்கியது, அப்படியும் அழுதேன். அவரும் அழுதார், முதல் தடவையாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு.

"அது இன்னும் வண்டிலயா இருக்கு?" என்று கேட்டேன் பிறகு.

"தூக்கிப் போட்டுரவா?"

"எக்ஸ்பயரி என்ன போட்டிருக்கு?"

"அடுத்த வருசம் நவம்பர்."

"இருக்கட்டும்" என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவருகிறார்கள். அத்தை வாசலிலேயே எல்லோரிடமும் "அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்" என்று சொல்லிவிடுகிறார். மூன்றாவது ஆளிடமும் அதையே சொன்னபோது படுத்திருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டேன்.

"எதுக்கு அத்தை பொய் சொல்றீங்க?"

"கொழாயில தங்கிச்சுன்னு சொன்னா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாக. ஒனக்கு இனிமே தங்காதும்பாக. என் வாயில அத வரவைக்காத."

எனக்காகத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இருந்ததே ஒரு ஏழு வாரம். அதையும் குடல்வால் ஆக்கிவிட்டால் எப்படி?

சாயங்காலம் அத்தை கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏழு வாரம்னா, அப்ப நம்ம கோயில்ல தொட்டில் கட்டும்போது..."

"ஆமா அத்தை."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. எதை அரைக்கிறார் என்று போய்ப் பார்க்க என்னால் முடியவில்லை. ரொம்ப நேரம் ஓடியது.

ஏப்ரல் 3, வியாழன்

தையல் பிரித்தார்கள். மெகர் பிரியாணி கொடுத்தனுப்பினாள். ஃபோனில் சமாதானம் சொல்லிவிட்டேன். "நான் மூணு பெத்தவ, எனக்கு எல்லாம் அதுவாத்தான் தெரியும்" என்று என் வார்த்தையையே எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு அழுதாள்.

ஏப்ரல் 28, திங்கள்

இன்றைக்குக் கடைக்குப் போனேன். அரை நாள்தான். பெட்டி தூக்கக் கூடாது, ஸ்டூலில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி உத்தரவு.

பன்னிரண்டு மணிக்கு ஒரு அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் கட்டைப் பை. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போகிறார்களாம், தங்கை பிள்ளைக்கு அழகர் கோயிலில் மொட்டை.

"தேதி தள்ளிப்போடுற மாத்திரை குடும்மா."

அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். "கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்காக்கா?"

அவர் கவுண்டரைத் தட்டிச் சிரித்தார். "எனக்கா? கல்யாணமாகிப் பதினாலு வருசமாச்சு. அதெல்லாம் எந்தக் காலத்துலயோ விட்டாச்சு."

எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். தலைக்கு நேரே இருந்த தட்டிலிருந்து ஒரு கிட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நாளைக்குக் காலைல எந்திரிச்சதும் இதைப் பாத்துட்டு வாங்க. அப்புறம் மாத்திரை தாரேன்."

அவர் முகம் மாறிவிட்டது. கிட்டைத் தொடவில்லை. தள்ளினாலும் தள்ளிவிடுவார் போல இருந்தது.

"இதெல்லாம் எனக்குக் காட்டாத தாயி. பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு. ஒனக்கு என்ன தெரியும் அந்தக் கஷ்டம்? ஒனக்கு எத்தனை பிள்ளைங்க?"

மெகர் பில் போடுவதை நிறுத்தினாள். நான் மூன்று பதில்களையும் தேடிப் பார்த்தேன்.

"ஒண்ணு இருந்துச்சுக்கா" என்றேன். "நான்தான் பாக்கல."

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டை எடுத்துக் கட்டைப் பைக்குள் அடியில் வைத்துக்கொண்டு போனார். மாத்திரை அட்டையைத் திரும்ப மேல் தட்டில் வைத்தேன்.